உங்களுக்குத் தெரியுமா? சாரத்தில் விழுந்தவருக்கு சிபிலிலும் அடி

திருவண்ணாமலையில் விடுதி கட்டும் சாரத்திலிருந்து ஒரு கொத்தனார் விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவமனை பில் பாக்கி நேரடியாக சிபில் என்ற கடன் தகவல் நிறுவனத்துக்குப் போகாது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தரும் கடன் விவரம்தான் அங்கே ஏறும். ஆபத்து, அந்த பில்லைக் கட்ட வாங்கும் தனிநபர் கடனிலும் கிரெடிட் கார்டிலும் இருக்கிறது. கை முறிந்து வேலையில்லாத மாதங்களில் தவணை தவறும், சிபில் மதிப்பெண் சரியும்.

இத்தனைக்கும் அந்தச் செலவு அவர் தலையில் விழவேண்டியதே அல்ல. இ.எஸ்.ஐ. காப்பீடு இல்லாத தொழிலாளிக்கு, வேலையின்போது பட்ட காயத்துக்கு ஆன மருத்துவச் செலவை முதலாளி திருப்பித் தரவேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் 2009-இல் திருத்தம் வந்தது. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த உரிமை உண்டு. கடனுக்கு அலையும் முன் பில்களைப் பத்திரப்படுத்தி இழப்பீடு கேளுங்கள்.