துப்பாக்கியும் தாட்சண்யமும்

நம் கிராமங்களில் துப்பாக்கி வைத்திருப்போர் மிகச் சிலரே. வங்கிக் காவலுக்குப் போகும் முன்னாள் ராணுவத்தார் ஒருவர் இருவர், பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ் பெற்ற குடியானவர் ஒருவர், பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டின் பெட்டகத்தில் பாட்டனார் காலத்துத் துப்பாக்கி ஒன்று என்ற அளவில்தான் பெரும்பாலும் இருக்கும். ஆயினும் இச்சிலரில் ஒருவர் அஜாக்கிரதையுள்ளவராயின், அவருடைய அண்டை வீட்டார், பங்காளிகள், சங்கத்தில் உடன் அமரும் அங்கத்தினர்கள் ஆகிய அனைவரும் அபாயத்துக்குள்ளாகின்றனர். துப்பாக்கியைக் கையாளும் விதத்தை வைத்திருப்பவர் கற்றிருக்க வேண்டும். அவரிடம் நாம் எவ்வாறு நடந்துகொள்வது என்பது வேறு கல்வி. அதைப்பற்றியே இங்கு எழுதப்படுகிறது.

அஜாக்கிரதையை அடையாளம் கண்டுகொள்வது கடினமன்று. துப்பாக்கியின் குழல் வாய் மனிதர் இருக்கும் திசையை நோக்கலாகாது. சுடும் தருணம் வரையில் விரல் விசையின்மேல் படலாகாது. உள்ளே மருந்து இல்லையென்று எத்தனை முறை சோதித்திருப்பினும், இருப்பதாகவே பாவித்து நடத்த வேண்டும். குறியை மட்டுமன்றிக் குறிக்கு அப்பால் என்ன இருக்கிறதென்பதையும் அறிந்த பின்னரே சுட வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து பேசுகையில் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு எதிரே இருப்பவர் பக்கம் குழலை நீட்டியிருப்பவரும், ‘வெறும் துப்பாக்கிதான்’ என்று சிறுவன் கையில் கொடுத்து வேடிக்கை பார்ப்பவரும், குடித்துவிட்டு அதைத் தொடுகிறவரும் இவ்விதிகளை மீறுகிறவர்களே.

வாய்வழியே மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியைப்பற்றித் தனியே சொல்ல வேண்டும். தோட்டாத் துப்பாக்கியாயின் குழலைத் திறந்து தோட்டாவை எடுத்துவிடலாம். நாட்டுத் துப்பாக்கியிலோ கருமருந்தும் ரவையும் ஒருமுறை கெட்டித்தால், சுட்டுத் தீர்ப்பதே அதைக் காலி செய்ய எளிய வழியாகிறது. ஆதலால் இரவில் பன்றி வராமற் போனால், கெட்டித்தது கெட்டித்தபடியே வீட்டுக்கு வந்து மூலையில் சாத்தி வைக்கப்படுகிறது. மறுநாள் அதை மறந்து மேலும் ஒரு முறை மருந்து இட்டால், சுடுகையில் குழலே வெடித்துச் சுட்டவர் கையும் கண்ணும் போகின்றன. மறக்காவிட்டாலோ, குழந்தைகள் விளையாடும் வீட்டில் அது இரவும் பகலும் உயிருள்ள துப்பாக்கியாக நிற்கிறது.

குண்டு எவ்வளவு தூரம் போகுமென்பதையும் பலர் குறைவாகவே மதிப்பிடுகின்றனர். பறவை சுடும் சிறு ரவை 200 கெஜம் வரையிற் செல்லும். மிகச் சிறியதென்று கருதப்படும் .22 ரைபிளின் குண்டு ஒரு மைலுக்கு மேலும் செல்லும். கண்மாய் நீரின்மேலும் செம்பாறையின்மேலும் பட்ட குண்டு அங்கேயே நிற்பதில்லை. தெறித்து வேறு திசையிற் போகும். 2021 டிசம்பர் 30-ஆம் தேதி, நமக்கு அடுத்த புதுக்கோட்டை ஜில்லாவில் நார்த்தாமலைக்கு அருகே, மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் பயிற்சித் தளத்தில் சுட்டுப் பழகிக்கொண்டிருக்கையில், ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரத்தில் பாட்டனார் வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3-ஆம் தேதி தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அவன் இறந்தான். அதிகாரிகள் மேற்பார்வையில் குறி பார்த்துச் சுட்ட இடத்திலேயே இவ்வாறு நேர்ந்ததெனில், கலியாண வீட்டு வாசலில் வானத்தை நோக்கிச் சுடுகிறவருடைய குண்டு எங்கே இறங்குமென்று யார் சொல்லக்கூடும்?

இவ்வளவும் தெரிந்தும் நாம் ஏன் வாய் திறப்பதில்லை? தாட்சண்யமே காரணம். அவர் மாமன் முறை, அல்லது வயதில் மூத்தவர், அல்லது நமக்குக் கடன் ஜாமீன் நின்றவர். மேலும் இச்சீமையில் ஆயுதம் மானத்தோடு சேர்த்து எண்ணப்படுவது. மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24-ஆம் தேதி திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட பின், அவ்வாண்டு டிசம்பரில் கிளைவ் பிரபு பாளையக்காரர் சீமைகளில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்து விளம்பரம் செய்தார். அந்த நினைவு இன்னும் அறவே போய்விடவில்லை. ஆனால் அந்நியன் பறித்தது வேறு. தம்பி முறையுள்ள ஒருவன் ‘அண்ணே, குழலை அப்பக்கம் திருப்பி வையுங்கள், பிள்ளைகள் இருக்கிறார்கள்’ என்று கேட்பது வேறு. இரண்டாவதில் மானக்குறைவு ஒன்றுமில்லை.

உறவினருக்கும் விருந்தினருக்கும் ‘இங்கே இது கூடாது’ என்று சொல்ல முடியாதென்போர் நம் ஜில்லாவிலேயே கொள்ளுக்குடிப்பட்டியைப் பார்க்கட்டும். வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் 1977-இல் ஏற்பட்டது. அங்கே வந்து தங்கும் நாரை முதலிய பறவைகள் அஞ்சிப் பறந்துவிடாதிருக்க, அவ்வூரார் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. பறவைக்காக ஊர் முழுதும் ஏற்கத்தக்க கட்டுப்பாட்டை, மனிதர் உயிருக்காக ஒரு வீட்டார் ஏற்பது பெரிதன்று.

சொல்லும் முறையே முக்கியம். அபாயம் கண்முன் இருக்கும்போது முறை பார்த்துக்கொண்டிருக்கலாகாது. உடனே சொல்லிவிட வேண்டும், கேளாவிட்டால் குழந்தைகளை அழைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட வேண்டும். சிலர் வீரமென்று நினைத்துத் துப்பாக்கியைப் பிடுங்கப் போகின்றனர். இழுபறியில் விசை தட்டுப்பட்டு வெடிப்பது எளிது. அது முற்றிலும் கூடாத காரியம். குடித்திருப்பவரிடம் வாதம் செய்வதும் வீண். விலகி வந்து, 100 அல்லது 112 என்ற எண்ணுக்குத் தகவல் கொடுப்பதே உசிதம். அபாயம் நீங்கிய பின் மறுநாள் காலையில், நாலு பேர் எதிரில் அல்லாமல் தனியே, பேச வேண்டும். ‘நீங்கள் அஜாக்கிரதை’ என்று தொடங்கினால் சண்டையே மிஞ்சும். நடந்தது இன்னது, அதைக் கண்டு நான் அஞ்சினேன் என்று சொன்னால் காது கொடுப்பார். நம் சொல் ஏறாதெனில், ஏறக்கூடியவர் யாரென்று பார்க்க வேண்டும். பல வீடுகளில் ஊர்ப் பெரியவரைக் காட்டிலும் ஆச்சியின் ஒரு வார்த்தைக்கு வலிமை அதிகம். பட்டாளத்தில் உடன் இருந்தவர் சொன்னால், முன்னாள் ராணுவத்தார் எளிதில் ஏற்பார்.

கடன் தொல்லையாலோ மனக்கசப்பாலோ ஒருவர் சோர்ந்து, உயிரை வெறுத்துப் பேசுவாராயின், அவ்வீட்டில் துப்பாக்கி இருப்பது எல்லாவற்றினும் கொடியது. ‘மனம் தேறும் வரையில் இது ஸ்டேஷனில் இருக்கட்டும்’ என்று வீட்டாரும் சிநேகிதரும் வற்புறுத்தலாம். துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனிலாவது லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமாவது ரசீது பெற்று ஒப்படைத்து வைக்கச் சட்டம் இடம் தருகிறது. தேர்தல் காலங்களில் இவ்வாறு ஒப்படைப்பது வழக்கமாதலால், அதில் புதுமையோ அவமானமோ இல்லை. நண்பர் வீட்டில் மட்டும் வைக்கலாகாது. லைசென்ஸ் ஆளுக்குரியது, துப்பாக்கியோடு கைமாறுவதன்று. பன்றி விரட்டவென்று ஓர் இரவுக்கு இரவல் வாங்குகிறவர் லைசென்ஸின்றி ஆயுதம் வைத்தவராவார். அதற்கு 2 முதல் 5 வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு. கொடுத்தவரும் தப்ப முடியாது. பன்றியைச் சுடுவதும் நம் வேலையன்று. அத்தொல்லைக்கு மனுக் கொடுக்க வேண்டிய இடம் வனத்துறை.

நயமாகச் சொல்லியும் கேளாதவர் விஷயத்தில் சட்டத்தை நாடுவது துரோகமாகுமோவென்று அங்கத்தினர் பலர் தயங்குவர். 1878-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 36-வது பிரிவு, அச்சட்டப்படியான குற்றம் நடந்ததை அறிந்த எவரும், தக்க காரணமின்றி மறைக்காமல், அருகிலுள்ள ஸ்டேஷன் அதிகாரிக்கோ மாஜிஸ்டிரேட்டுக்கோ தெரிவிக்க வேண்டுமென்கிறது. ஆகவே தெரிவிப்பது கடமையே. 2019-இல் செய்த திருத்தத்தின்படி, பிறர் உயிருக்கு அபாயம் நேரும்படி அஜாக்கிரதையாகவோ கொண்டாட்டத்துக்காகவோ சுடுகிறவருக்கு 2 வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். யாருக்கும் காயம் படவில்லையென்பது சமாதானமாகாது. 17-வது பிரிவின்படி, பொதுஜனப் பாதுகாப்பின் பொருட்டு லைசென்ஸை நிறுத்தி வைக்கவும் ரத்து செய்யவும் லைசென்ஸ் வழங்கும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. மனுவில் வதந்தியைச் சேர்க்கலாகாது. தேதி, நேரம், இடம், கண்ணாற் கண்டது, உடனிருந்தவர் பெயர் ஆகிய இவை போதும். ஒரு பிரதியை ஸ்டேஷனிலும் மற்றொன்றைக் கலெக்டர் ஆபீசிலும் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ரசீது பெற்றுக்கொள்க.

செட்டிநாட்டுக்கே உரிய ஒரு விஷயம் மீதமிருக்கிறது. குடும்பத்தார் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்க, வருஷத்தில் சில நாள் மட்டும் திறக்கும் வீடுகள் இங்கு அநேகம். லைசென்ஸ் வைத்திருந்த அப்பச்சி காலமாகிப் பல வருஷம் ஆகியிருக்கும். துப்பாக்கியோ பெட்டகத்திலேயே இருக்கும். சாவி காவற்காரரிடம் இருக்கும். கலியாணத்துக்கோ படைப்புக்கோ எல்லோரும் கூடும்போது, சிறுவர்கள் அறை அறையாகத் திறந்து பார்ப்பது இயல்பு. லைசென்ஸ் இறந்தவரோடு முடிந்துபோகிறது. வாரிசுகள் தாமதமின்றித் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். பின்னர் தம் பெயரில் லைசென்ஸ் கோரலாம், அல்லது உரிமையுள்ளவருக்கு விற்றுவிடலாம். அத்தகைய வீட்டாரை அறிந்த அங்கத்தினர், அவர்கள் ஊருக்கு வருவதற்கு முன்பே கடிதம் எழுதியோ டெலிபோனிற் பேசியோ நினைவூட்டுவது நலம். பழைய துப்பாக்கியில் மருந்து கெட்டித்தபடி இருக்கலாமாதலால், பெட்டகத்திலிருந்து தாமே எடுக்க முயலாமல், முன்கூட்டி ஸ்டேஷனுக்குத் தெரிவித்து, பழக்கமுள்ளவர் ஒருவரை வரவழைத்து எடுக்கச் செய்ய வேண்டும்.