நூலும் மில்லிமீட்டரும்

எடை, அளவைகளுக்கான நிர்ணயச் சட்டம் 1956ஆம் ஆண்டு நிறைவேறி, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தபின், வீசையும் சேரும் கடைத்தெருவை விட்டுப் பெரும்பாலும் விலகிவிட்டன. எனினும் தமிழ்நாட்டின் கட்டடத் தொழிலிலும் நிலப் பேச்சிலும் அடி, அங்குலம், சென்ட், கிரவுண்டு ஆகியவை இன்றளவும் வழங்குகின்றன. இதைத் தொழிலாளரின் பழமைப் பற்று என்று ஒதுக்குவது நியாயமன்று. அரிசியும் எண்ணெயும் சில நாட்களில் தீர்ந்துபோவதால் அவற்றின் அளவை மாற்றுவது எளிது. சுவரும் கதவு நிலையும் குழாயும் தலைமுறை கடந்து நிற்பவை ஆதலால், புதிதாகச் சேர்ப்பது எதுவும் முன்பே இருப்பதோடு பொருந்தியாக வேண்டும்.

இதற்குக் குழாயே தெளிவான சான்று. பிளம்பர் ‘அரை இஞ்ச்’ என்று சொல்லும் குழாயின் மரையை, அதாவது திருகிப் பொருத்துவதற்கான புரியை, அளந்து பார்த்தால் அதன் வெளிவிட்டம் ஏறத்தாழ 21 மில்லிமீட்டர் இருக்கும். அரை அங்குலம் என்பதோ 12.7 மில்லிமீட்டர்தான். பழைய இரும்புக் குழாயின் உள்துளையைக் குறித்து ஏற்பட்ட அந்தப் பெயர், குழாயின் சுவர்த் தடிப்பு மாறிய பிறகும் நிலைத்துவிட்டது. பிரிட்டனில் ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்வைத்த புரி வடிவத்தைப் பின்பற்றிய இந்த மரையை, மெட்ரிக் முறையின் தாயகமான பிரான்சு உட்பட ஐரோப்பிய நாடுகளும் மாற்றாமல் வைத்திருக்கின்றன. மாற்றினால் பழைய வீடுகளில் ஒரு குழாய்முனைகூடப் பொருந்தாது.

மேஸ்திரியும் தச்சரும் அங்குலத்தை எட்டாகப் பகுத்து, ஒவ்வொரு பகுதியையும் ‘நூல்’ என்பர். ஒரு நூல் 3.175 மில்லிமீட்டர். சந்தையில் உள்ள முறுக்குக் கம்பி மில்லிமீட்டரில் தயாரிக்கப்பட்டாலும், 10 மி.மீ. கம்பி ‘மூணு நூல்’ என்றும் 12 மி.மீ. கம்பி ‘நாலு நூல்’ என்றுமே கேட்டு வாங்கப்படுகிறது. நான்கு நூல் சரியாக 12.7 மி.மீ. ஆகையால், அந்தப் பெயரை அப்படியே கணக்கில் எடுத்துக்கொள்பவர், உண்மையில் இருப்பதைவிட 12 விழுக்காடு அதிக இரும்பு இருப்பதாக எண்ணிவிடுவார். வலிமையைத் தீர்மானிப்பது விட்டமன்று, குறுக்குவெட்டுப் பரப்பு என்பதே காரணம். பலகை வேலையிலும் இதே சிக்கல் உண்டு: எட்டடிக்கு நான்கடி என விற்கப்படும் பிளைவுட்டின் தடிப்பு 18 மி.மீ. என்றிருக்க, அதற்கான காடியை முக்கால் அங்குலமாக வெட்டினால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இடைவெளி விழுந்து, பலகை ஆடும்.

ஆகவே தீங்கு அடியாலும் வருவதில்லை, மீட்டராலும் வருவதில்லை. ஒரே வேலையில் இரண்டையும் கலந்து, இடையில் முழு எண்ணாகத் திருத்திக்கொள்வதால் வருகிறது. நிலத்தில் இதன் விலை மிக அதிகம். பட்டாவில் பரப்பு ஹெக்டேரிலும் ஏரிலும் (ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர்) குறிக்கப்பட, விலை பேசுவதோ சென்ட்டில், அதாவது 435.6 சதுர அடிக் கணக்கில். ஐந்து சென்ட் மனை 202.34 சதுர மீட்டர். அதை இரண்டு ஏர் என்று சுருக்கி எழுதினால் 25 சதுர அடி காகிதத்திலிருந்து மறைந்துவிடும். சென்னையில் ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி, வாங்குபவரும் 222.97 சதுர மீட்டர் என்ற எண்ணைத் தசமப் புள்ளி குறையாமல் பத்திரத்தில் எழுதிக் கேட்பது அவருடைய உரிமை.