சுருங்கிச் சொன்ன களிமண்

பாதரசம் 357 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். அப்படியிருக்க, ஆயிரம் டிகிரியைத் தாண்டும் பீங்கான் சூளையின் சூட்டை அந்தக் காலத்தில் எப்படி அளந்தார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வெகுகாலம் யாரும் அளக்கவில்லை. தணலின் நிறம் சிவப்பிலிருந்து வெளுப்பதைப் பார்த்து மூத்த சூளைக்காரர் மதிப்புப் போடுவார். மதிப்பு பிசகினால் சூளை நிறைய இருந்த சரக்கும் வீண்.

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் எட்ரூரியா என்ற பாண்ட ஆலையை நடத்திய ஜோசையா வெட்ஜ்வுட்டுக்கு இது பொறுக்கவில்லை. 1782இல் அவர் வெளியிட்ட உபாயத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. களிமண் சூடேறச் சுருங்கும்; ஆறிய பிறகு பழைய அளவுக்குத் திரும்பாது. அதனால் ஒரே அளவில் செய்த சிறு களிமண் துண்டுகளைப் பாண்டங்களோடு சூளையில் வைத்தார். வெந்த துண்டை எடுத்து, அரை அங்குலத்திலிருந்து 0.3 அங்குலமாகக் குறுகிக்கொண்டே போகும் பித்தளைக் காடியில் நகர்த்தினார். சுருங்கியது எவ்வளவோ அவ்வளவு தூரம் உள்ளே போய் நிற்கும். நின்ற இடத்துக் கோடுதான் கணக்கு. மறு ஆண்டே ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கோடுகளை அவர் டிகிரியாக மாற்றிய கணக்கு படு அபத்தம். வார்ப்பிரும்பு உருகுவதற்குச் சுமார் 10,000 டிகிரி செல்சியஸ் என்று வந்தது; உண்மையில் 1,200 அளவே போதும். ஆனால் சூளைக்காரருக்கு அந்தப் பிழையால் நட்டமில்லை. போன முறை நல்ல சரக்கு கிடைத்தபோது துண்டு நின்ற கோட்டிலேயே இந்த முறையும் நின்றால் அவருக்குப் போதும்.

1886இல் பெர்லின் ராயல் பீங்கான் ஆலையின் ஹெர்மன் சேகர் இதே யோசனையைச் செம்மையாக்கினார். பீங்கானுக்குச் சேர்க்கும் ஃபெல்ட்ஸ்பார், கயோலின், குவார்ட்ஸ் முதலியவற்றிலேயே சிறு கூம்புகள் செய்தார். பதம் வந்ததும் கூம்பின் முனை இளகி வளையும். சூடு எவ்வளவு என்பதோடு, அது எவ்வளவு நேரம் நின்றது என்பதும் அந்த வளைவில் சேர்ந்திருக்கிறது. அதிரசப் பாகை ஒரு சொட்டு தண்ணீரில் விட்டு, உருட்ட வருகிறதா என்று என் பாட்டி பார்த்ததும் இந்த நியாயத்தில்தான்.

மின்சூளை வாங்கியதும் கூம்பு பழைய சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். திரையில் தெரியும் எண், உணர்கருவி செருகியிருக்கும் இடத்தின் சூட்டை மட்டுமே சொல்லும். மூலையில் இருக்கும் கிண்ணம் வெந்ததா என்று அதற்குத் தெரியாது. எண் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடுக்குக்கு ஒரு கூம்பாவது வைத்துவிட்டு அப்புறம் எண்ணை நம்புங்கள்.