படகுத்துறைத் தண்ணீரில் மின்சாரம்

அமெரிக்க ஏரிகளில் சிறிய பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் பலர் பழுதையும் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். அடிப்பாகத்துக்குப் பெயின்ட் அடிப்பது, இன்ஜின் ஆயில் மாற்றுவது எல்லாம் பழகிக்கொள்ளக்கூடிய வேலைகள்தான். மின்சார வேலை மட்டும் வேறு. அதில் நடக்கும் தவறு, அந்தப் படகில் காலே வைக்காத ஒரு பிள்ளையைப் பக்கத்துத் தண்ணீரில் கொன்றுவிடும்.

2012 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினம். டென்னஸி மாநிலத்தின் செரோக்கி ஏரியில் படகுத்துறை அருகே நீந்திய 10, 11 வயதுச் சிறுவர்கள் இருவர் மின்சாரம் பாய்ந்து இறந்தார்கள். அதே நாளில் மிசௌரியின் ஓசார்க்ஸ் ஏரியில், ஒரு தனியார் படகுத்துறையை ஒட்டி நீந்திய அக்காவும் தம்பியும் இதே விதமாக இறந்துபோனார்கள்.

துறையில் கட்டிய படகுக்குக் கரையிலிருந்து கேபிள் வழியே 120 வோல்ட் மின்சாரம் வருகிறது. படகுக்குள் கசிவு ஏற்பட்டால் அது எர்த் ஒயர் வழியாகக் கரைக்குத் திரும்ப வேண்டும். அந்த வழி அடைபட்டால் தண்ணீரில் இறங்கும். கடல்நீர் நம் உடலைவிட நன்றாக மின்சாரம் கடத்துவதால், அங்கே பெரும்பகுதி உடலைச் சுற்றிப் போய்விடும். நன்னீரில் உடல்தான் சுலபமான வழி. சுமார் 15 மில்லிஆம்பியர் பாய்ந்தாலே தசைகள் சொன்னபடி கேட்காது. நன்றாக நீந்தத் தெரிந்தவரும் மூழ்குவார். உடலில் தீக்காயம்கூட இருக்காது என்பதால் பல மரணங்கள் வெறும் நீரில் மூழ்கியதாகவே எழுதப்பட்டுவிடுகின்றன. இதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

அந்த எர்த் வழியைப் பல நேரம் படகுக்காரரே அடைத்துவிடுகிறார். பக்கத்துப் படகுகளோடு எர்த் ஒயர் இணைந்திருப்பதால், அடிப்பாகத்தைக் காக்கும் துத்தநாகக் கட்டிகள் சீக்கிரம் கரைகின்றன. அதைத் தடுக்க அந்தப் பச்சை ஒயரையே வெட்டிவிடுகிறார்கள். கால்வனிக் ஐசொலேட்டர் என்ற சிறு கருவியைப் பொருத்தினால் கட்டியும் தப்பும், எர்த்தும் இருக்கும். படகுக்குள் எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்துக் கட்டுவதும், வீட்டுக்கான பேட்டரி சார்ஜரைக் கொண்டுவந்து மாட்டுவதும் இதே அளவு ஆபத்து.

சோதனை எளிது. மில்லிஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டரைக் கரை கேபிள் முழுவதையும் சுற்றி மாட்டி, ஹீட்டர் முதல் ஒவ்வொன்றாக ஓட விட வேண்டும். மீட்டர் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கேபிளைப் பிடுங்கிவிட்டு, அமெரிக்கன் போட் அண்ட் யாட் கவுன்சில் சான்று பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். 30 மில்லிஆம்பியர் கசிவில் துண்டிக்கும் பிரேக்கர் பழைய படகுகளில் இருக்காது, கேட்டுப் பொருத்திக்கொள்ளுங்கள்.

கோடை விடுமுறைக்கு ஏரிக்கரை வீட்டை வாடகைக்கு எடுக்கும் நம் குடும்பங்களும் இதைக் கேட்க வேண்டும். துறையில் கசிவுப் பாதுகாப்பு உண்டா, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று உரிமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் எதுவானாலும், மின்சாரம் உள்ள படகுத்துறைக்கு அருகே யாரும் நீந்தக் கூடாது. நீரில் சுருக்கென்றால் ஏணியைப் பிடிக்காமல் துறையை விட்டு விலகி நீந்துங்கள். ஒருவர் தத்தளித்தால் உடனே குதிக்காதீர்கள். முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள், மிதவையை எறியுங்கள், 911-ஐ அழையுங்கள். காப்பாற்றக் குதித்தவர்களும் இறந்திருக்கிறார்கள்.

செரோக்கி ஏரி மரணங்களுக்குப் பின் படகுத்துறைகளில் கசிவுப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கி டென்னஸி சட்டம் இயற்றியது. கோளாறு படகின் தயாரிப்பிலேயே இருந்தால் 1971-ஆம் ஆண்டின் கூட்டாட்சிப் படகுப் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு வரும்: பாதுகாப்பைப் பாதிக்கும் குறையை உரிமையாளருக்கு அறிவித்துத் தன் செலவில் சரிசெய்வது தயாரிப்பாளரின் கடமை. படகின் பின்புறம் பொறித்திருக்கும் 12 எழுத்து அடையாள எண்ணோடு கடலோரக் காவல்படைக்குப் புகார் அனுப்பலாம்.

உயிரிழப்பு நேர்ந்துவிட்டால், மின்சாரமாக இருக்கலாம் என்ற சந்தேகத்தை அன்றே போலீஸிடம் சொல்லுங்கள். எந்தெந்தப் படகின் கேபிள் மாட்டியிருந்தது, எந்த சுவிட்சுகள் போட்டிருந்தன என்பதைப் படமெடுத்து வையுங்கள். மறுநாள் யாராவது ஒயரை மாற்றிவிட்டால் பிறகு நிரூபிக்க எதுவும் மிஞ்சாது. நஷ்டஈட்டு வழக்குக்கான காலக்கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வக்கீலைப் பார்க்கத் தாமதிக்காதீர்கள்.