கட்டடத்துக்கு நிதி உண்டு, மருத்துவருக்கு?
நெல்லை நகர மறுசீரமைப்பும் நலவாழ்வு மையங்களும்

2017 ஜூன் மாதத்தில் திருநெல்வேலி சீர்மிகு நகரத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. தேர்வான நகரம் ஒவ்வொன்றுக்கும் ஒன்றிய அரசு 500 கோடி ரூபாய் வரை வழங்கும், அதே அளவுத் தொகையை மாநில அரசும் உள்ளாட்சியும் திரட்டும் என்பது திட்டத்தின் விதி. சந்திப்புப் பெரியார் பேருந்து நிலையம் இடிக்கப்பட்டு, கடைகளும் வாகன நிறுத்தங்களும் கொண்ட வளாகமாக எழுப்பப்பட்டது. இத்தகைய வளாகங்களைத் துப்புரவு செய்வோரில் பெரும்பான்மையினர் தலித்துகள். அவர்களுடைய மருத்துவத்துக்கான நிதி எங்கிருந்து வருகிறது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆற்றுக்கு அப்பால் பாளையங்கோட்டையில் உள்ளது. அங்கு முற்பகல் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். மாலை 4 முதல் 8 மணி வரையும் இயங்கும் நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் இதனால்தான் இன்றியமையாதவை. தமிழ்நாட்டுக்கு 708 மையங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றுள் 500 மையங்கள் 2023 ஜூன் 6 அன்று திறக்கப்பட்டன.

மையம் ஒன்றின் கட்டடச் செலவு 25 லட்சம் ரூபாய். ஆள்சேர்ப்பு அறிவிப்புகளின்படி மருத்துவருக்கு மாதம் 60,000, செவிலியருக்கு 18,000, சுகாதார ஆய்வாளருக்கு 14,000, உதவியாளருக்கு 8,500 ரூபாய். ஆண்டுக்கு ஏறத்தாழ 12 லட்சம். ஈராண்டு ஊதியமே கட்டடச் செலவை ஏறத்தாழ எட்டிவிடுகிறது. கட்டடம் ஒருமுறைச் செலவு. ஊதியமோ முடிவற்ற செலவு.

நகர்ப்புற மையங்களுக்கெனப் பதினைந்தாவது நிதிக்குழு நாடு முழுமைக்கும் 24,028 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. அதன் காலம் 2026 மார்ச் வரையிலானது. சீர்மிகு நகரத் திட்டம் 2025 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி கருவிகள் வாங்க உதவலாம். ஆனால் அது அவர்களின் விருப்பத்தைச் சார்ந்தது, மக்களின் உரிமையன்று.

நிலையான வழிகள் இரண்டு. முதலாவது, பொது நிலத்தில் எழுந்த கடைகளின் வாடகை. அதில் ஒரு பங்கை நலவாழ்வு மையங்களுக்கெனத் தனிக் கணக்கில் ஒதுக்க மாமன்றம் தீர்மானம் இயற்றலாம். இரண்டாவது, 2024ஆம் ஆண்டின் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம். மக்கள்தொகை விகிதத்துக்கேற்ப நிதி ஒதுக்க அது அரசைக் கடமைப்படுத்துகிறது. எனினும் நகரம் முழுமைக்குமான செலவில் ஒரு பகுதியைத் தலித் மக்களின் கணக்கில் எழுதுவது ஒதுக்கீடாகாது. மையம் அவர்களின் குடியிருப்பை ஒட்டி அமைய வேண்டும்.

மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மூன்று வினாக்களை மாநகராட்சியிடம் எழுப்பலாம்: கடை வாடகை வருவாய் எவ்வளவு? நலவாழ்வு மையங்களுக்கு அதிலிருந்து சென்றது எவ்வளவு? காலிப் பணியிடங்கள் எத்தனை? முப்பது நாட்களுக்குள் விடை தர வேண்டியது சட்டக் கடமை. அந்த விடைகளைப் பகுதி சபைக் கூட்டங்களில் முன்வைப்போம்.