மூச்சும் உயிரும்: மூளைத்தண்டுச் சாவை அறியும் முறை

‘மூச்சு நின்றது’, ‘ஆவி பிரிந்தது’ என்பன தமிழர் இறப்பைக் குறிக்கும் தொடர்கள். ‘ஆவி’ என்னும் சொல்லுக்கு மூச்சு, உயிர் என இரு பொருளும் உண்டு. நம் முன்னோர் கண்ட மரணத்தில் இவ்விரண்டும் ஒருங்கே நின்றன. வென்டிலேட்டர் என்னும் செயற்கைச் சுவாசக் கருவி வந்தபின், மூச்சு ஓடியும் உயிர் இல்லை என்றொரு நிலை தோன்றிற்று.

சங்கராபுரத்து இளைஞர் ஒருவர் சேலம் நெடுஞ்சாலையில் தலைக்கவசமின்றி விழுகிறார் என்று கொள்வோம். மூன்றாம் நாள் மருத்துவர் ‘மூளைச்சாவு’ என்கிறார். ‘நெஞ்சு துடிக்கிறதே, உடம்பு சுடுகிறதே!’ என்கிறாள் தாய். அவள் கேட்பதில் பிழையில்லை.

பேச்சு வழக்கில் மூன்று நிலைகள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. கோமா என்பது ஆழ்மயக்கம்; அதிலிருந்து மீண்டோர் உண்டு. உணர்விழந்த நிலையில் கண் திறந்து மூடும், மூச்சும் தானே ஓடும், அறிவு மட்டும் இராது. 1973-இல் மும்பையில் தாக்கப்பட்ட செவிலியர் அருணா ஷான்பாக், 2015-இல் மறையும் வரை இத்தகைய நிலையிலேயே கிடந்தார். அவருக்கு மூளைச்சாவு நேரவில்லை என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திற்று. மூன்றாவது, மூளைத்தண்டுச் சாவு. மூச்சை இயக்கும் நடுவம் மூளைத்தண்டில் உள்ளது. அது அழிந்தால் மூச்சு தானாக மீளாது. இதயமோ தன் துடிப்பைத் தானே எழுப்பவல்லது. ஆதலின் கருவி மூச்சூட்டும் வரை அது சில நாள் துடித்திருக்கும். தாயின் வினாவுக்கு விடை இதுவே.

இதனை எவ்வாறு அறிகின்றனர்? மூளை பழுதுற்ற காரணம் முதலில் தெரிந்திருத்தல் வேண்டும். மயக்க மருந்தாலோ, நஞ்சாலோ, உடற்குளிர்ச்சியாலோ வந்த மயக்கமன்று என்பதும் உறுதியாக வேண்டும். பின்னர்க் கண்மணியில் ஒளி பாய்ச்சுவர். விழியைப் பஞ்சால் தொடுவர். காதில் குளிர்நீர் செலுத்திக் கண் அசைகிறதா என நோக்குவர். தொண்டையைத் தூண்டி இருமல் எழுகிறதா எனக் காண்பர். இறுதியானது மூச்சுச் சோதனை. ஆக்சிஜனை நிறைய ஊட்டியபின் கருவியைப் பிரிப்பர். இரத்தத்தில் கரியமில வாயு பெருகும். உயிருள்ள மூளைத்தண்டு அதைப் பொறுக்காது, மூச்சிழுக்கும். நெஞ்சு சிறிதும் எழவில்லையாயின் நடுவம் அழிந்தது என்பது முடிவு. 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி நான்கு மருத்துவர் குழு ஆறு மணி நேரமேனும் இடைவெளி விட்டு இருமுறை சோதித்தல் வேண்டும். உறுப்பு மாற்று அறுவை செய்வோர் அக்குழுவில் இடம்பெறலாகாது. இடையே கையோ காலோ அசைந்தால் உறவினர் பதறுவர். அவ்வசைவு தண்டுவடத்தினின்று எழுவதாகலாம்.

2008-இல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர் தம் மகன் இதேந்திரனின் உறுப்புகளை வழங்கியபின் இச்செய்தி தமிழகமெங்கும் பரவிற்று. ஆனால் சட்டத்தில் ஓர் இடைவெளி உண்டு. மூளைத்தண்டுச் சாவை வரையறுப்பது உறுப்பு மாற்றுச் சட்டமே. 1969-ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமோ உயிர்க்குறிகள் யாவும் நிலையாக மறைவதையே இறப்பு என்கிறது. மூளையைப் பெயர்சொல்லிக் குறிக்கவில்லை. ஆகவே உறுப்புக் கொடைக்கு இசையாத குடும்பத்தாரிடம், கருவியை அகற்ற மருத்துவர் தயங்குகின்றனர். செலவோ நாள்தோறும் ஏறுகிறது. இது நீதியன்று என்பது என் கருத்து. மீளா நோயில் சிகிச்சையை நிறுத்த உச்ச நீதிமன்றம் 2018-இல் வகுத்து, 2023-இல் எளிதாக்கிய வழி உண்டு. இரு மருத்துவக் குழுக்களும் குடும்பத்தாரும் இசைதல் வேண்டும்.

நம் சமுதாயத்தார்க்கு இன்னொரு வினாவும் எழும். 1986-இல் அம்மானில் கூடிய பன்னாட்டு ஃபிக்ஹ் அகாடமி, மூளை முற்றாகச் செயலிழந்து மீளாதென வல்லுநர் உறுதிசெய்தால் அதுவே மரணம் என்றது. 1987-இல் மக்காவில் கூடிய ஃபிக்ஹ் பேரவை, கருவியை அகற்றலாம் எனினும் மூச்சும் இதயமும் நின்றபின்னரே மரணம் கணக்கிடப்படும் என்றது. இத்தா எண்ணப்படும் நாளும் வாரிசுரிமையும் இதனைப் பொறுத்தவை. எனவே இரண்டாம் சோதனை முடிந்த நேரம், இதயம் நின்ற நேரம் ஆகிய இரண்டையும் மருத்துவமனையில் எழுதிப் பெற்று ஆலிம்களிடம் காட்டுதல் வேண்டும்.