மணியோசையும் ஒரு மாணவனும்



“அடியாத மாடு படியாது” என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. ஆசிரியத் தொழிலிற் புகுந்த நாளில் நானும் அதனை நம்பியவனே.

பொல்பிட்டியவை அடுத்த தோட்டப் பாடசாலை ஒன்றில் நான் பணியாற்றிய காலத்தில், எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் படித்தான். தாய் கொழுந்து பறிப்பவர். மரத்தில் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டே எங்கள் மணி. அது ஒலித்ததும் அவன் செவிகளைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியிற் பதுங்குவான். குறும்பென்று கண்டித்தேன், பிரம்பையும் எடுத்தேன். ஒருநாள் கோபமின்றி, “ஏன் தம்பி?” என்று கேட்டேன். நெடுநேரம் பேசாதிருந்தவன், “மணி குத்துது சேர்” என்றான். ஓராண்டாக நான் கேட்கத் தவறிய கேள்விக்கு மூன்று சொற்களில் விடை கிடைத்தது.

அவனுக்கு ஓட்டிசம் உண்டெனப் பின்னர் மருத்துவர் கூறினார். 1943இல் லியோ கானர் என்னும் மருத்துவர் பதினொரு பிள்ளைகளை ஆராய்ந்து விவரித்த நிலை அது. பெற்றோர் வளர்ப்பினாலோ கண்ணூறினாலோ வருவதன்று. மூளை வளரும் விதத்திலேயே உள்ள வேறுபாடு. அத்தகையோர் பலருக்கு ஒலியும் ஒளியும் தொடுகையும் நம்மினும் பன்மடங்கு உறைக்கும். சிலருக்கு மிகக் குறைவாகவே உறைக்கும்.

இதனை உள்ளிருந்து உரைத்தோருள் ஒருவர், 1947இல் அமெரிக்காவிற் பிறந்த டெம்பிள் கிராண்டின் அம்மையார். மூன்று வயது கடந்தும் பேசாதிருந்த அவர், பின்னாளிற் பேராசிரியரானார். பள்ளி மணியோசை தமக்கு உடல்நோவாகவே இருந்ததென அவரும் எழுதியுள்ளார். கால்நடைத் தொழுவங்களை அமைப்பதில் அவர் வல்லவர். மாடுகள் நடைவழியில் முரண்டு பிடித்து நின்றால், அவர் அவ்வழியில் தாமே நடந்து பார்ப்பார். தொங்கும் சங்கிலி, தரையில் விழும் நிழல் ஆகியவையே அவற்றை மிரளச் செய்தன என்று கண்டார். அவற்றை அகற்றியதும் மாடுகள் அடியின்றியே நடந்தன. நம் பழமொழிக்கு இதனினும் நல்ல மறுமொழி உண்டோ?

அதே நாட்டினரான ஜிம் சின்கிளேர், தாமும் ஓட்டிசம் உடையவர். எங்களுக்காகத் துக்கம் காக்க வேண்டா என்று 1993இல் பெற்றோரை வேண்டினார். வேறொரு பிள்ளை உள்ளே சிறைப்பட்டிருக்கவில்லை, இப்பிள்ளையே உங்கள் பிள்ளை என்பது அவர் கருத்து.

எங்கள் சிறுவனை மணிக்குத் தொலைவான வகுப்பறைக்கு மாற்றினோம். மணியடிக்குமுன் ஓர் ஆசிரியை அவனுக்குச் சைகை காட்டுவார். அவன் பதுங்குவது பெரும்பாலும் நின்றது. செலவு எதுவுமில்லை.

வாய்ப்பேச்சே வராத பிள்ளைகளும் உளர். அவர்கள் செவி பொத்துவதும் ஓடி ஒளிவதும் அவர்களுடைய பேச்சு. பெற்றோரே, ஆசிரியரே, கையை ஓங்குமுன் காரணத்தைக் கேளுங்கள். நான் காலந்தாழ்த்திக் கேட்டேன். நீங்கள் தாழ்த்த வேண்டா.